பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையா? மோட்டார் சைக்கிளுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

பிரேக் சரியில்லை என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, “கையா, காலா?” என்பதுதான். பலருக்கு உடனே பதில் வருவதில்லை. வலக்கையால் பிடிப்பது முன் பிரேக், வலக்காலால் மிதிப்பது பின் பிரேக். ஸ்கூட்டர்களில் இடக்கை லீவர் பின் பிரேக்கை இயக்கும். எது பிடிக்கவில்லை, ஈரத்திலா வெயிலிலா, காலையில் வண்டியை எடுத்தவுடனா அரை மணி நேரம் ஓட்டிய பிறகா என்று பிரித்துச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

உணவு விநியோகம் செய்பவர்கள், கடற்பாலம் வழியாக ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்கு நாள்தோறும் வேலைக்கு வருபவர்கள், புதிதாக 2பி (சிறிய மோட்டார் சைக்கிள்) உரிமம் எடுத்த பிள்ளைகள் என்று யார் கொண்டுவந்தாலும் கோளாறு திரும்பத் திரும்பக் கீழே உள்ள சில வகைகளுக்குள்தான் அடங்குகிறது. ஒவ்வொன்றிலும் காசில்லாமல் பார்க்கக்கூடியதை முதலிலும், செலவு வைப்பதைக் கடைசியிலும் எழுதியிருக்கிறேன்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் டயரைப் பார்த்துவிட்டு மேலே போங்கள். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன், ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ உள்ள அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று பாருங்கள். வரிப்பள்ளத்தின் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே அந்த டயர் ஓட்டத் தகுதியற்றது. மழைச் சாலையில் அதற்கு வெகு முன்பே பிடிப்பு குறைந்துவிடும். பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்துகிறது. வண்டியை நிறுத்துவது டயர்.

முன் லீவர் மெத்தென்று உள்ளே போகிறது

இந்த அறிகுறியோடு “ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கிறேன்” என்று கிளம்ப வேண்டாம். நின்ற இடத்திலேயே சோதித்துவிடலாம்.

ஹேண்டிலை நேராக வைத்து, லீவருக்கு மேலே உள்ள பிரேக் ஆயில் கிண்ணத்தின் சிறு கண்ணாடியைப் பாருங்கள். அளவு கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தால் உடனே ஆயில் வாங்க ஓட வேண்டாம். பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் தகட்டை அழுத்தி நிறுத்தும் பட்டை) தேயத் தேயக் கிண்ணத்தில் ஆயில் இறங்குவது இயல்பு. முதலில் கைவிளக்கை அடித்து, பேடைப் பிடித்திருக்கும் கேலிப்பருக்குள் பேடின் தடிமனைப் பாருங்கள். 2 மி.மீ.யை நெருங்கியிருந்தாலோ, பேடில் வெட்டியிருக்கும் அடையாளப் பள்ளம் மறைந்திருந்தாலோ மாற்ற வேண்டியது பேடைத்தான். தேய்ந்த பேடை வைத்துக்கொண்டே ஆயிலை நிரப்பிவிட்டால், பிறகு புதுப் பேட் போடும்போது ஆயில் மேலே வழிந்து டேங்கின் பெயிண்டை அரித்துவிடும். ஆயில் எங்கே பட்டாலும் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

பேட் நன்றாக இருந்தும் ஆயில் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து லீவரின் அடிப்பகுதி, ஹோஸின் இரு முனைகள், கேலிப்பரைச் சுற்றிய இடங்கள் என்று துடைத்துப் பாருங்கள். துணியில் ஈரம் ஒட்டினால் அந்த வண்டி இனி லாரியில்தான் பட்டறைக்குப் போக வேண்டும். மெதுவாக ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

அளவும் சரி, கசிவும் இல்லை என்றால் லீவரே பதில் சொல்லும்.

*நான்கைந்து முறை வேகமாகப் பிடித்துவிட்டால் இறுகுகிறது:* குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது. லீவரை ரப்பர் வளையத்தால் கைப்பிடியோடு இழுத்துக் கட்டி இரவு முழுவதும் விட்டு, காலையில் பாருங்கள். பெரும்பாலும் கொஞ்சம் இறுகியிருக்கும். அது காற்றுதான் என்பதை உறுதிப்படுத்தும் சோதனை மட்டுமே, சிகிச்சை அன்று. காற்றை முழுவதும் வெளியேற்றுவதைப் பழக்கமில்லாதவர்கள் முதன்முறையாகத் தங்கள் முன் பிரேக்கிலேயே முயன்று பார்க்க வேண்டாம். பட்டறையில் இது சிறு வேலை.

*பிடித்தபடியே வைத்திருந்தால் மெல்ல மெல்ல இறங்குகிறது:* வெளியே கசிவு தெரியாவிட்டால், மாஸ்டர் சிலிண்டருக்குள் (லீவர் ஆயிலை அழுத்தித் தள்ளும் பகுதி) உள்ள ரப்பர் போய்விட்டது. இதை வீட்டில் சரிசெய்ய முடியாது.

*மலையிறக்கத்தில் மட்டும் மெத்தென்று ஆகிறது:* மலேசியாவின் கெந்திங், கேமரன் மலைகளிலிருந்து திரும்புபவர்கள் சொல்வது இது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிய டாட் 4 வகை பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலையில் அந்த வரையறை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. நெடிய இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே வந்தால் கேலிப்பரில் சூடேறி ஆயில் கொதிக்கும், குமிழ்கள் வரும், லீவர் கைப்பிடி வரை வந்துவிடும். அந்த நேரத்தில் லீவரைத் திரும்பத் திரும்பப் பிடித்து விடுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஓரம் கட்டி நன்றாக ஆறும்வரை காத்திருங்கள். ஆறியதும் லீவர் பழையபடி இறுகும். அதை நம்பி ஏமாற வேண்டாம். ஆயிலை மாற்றியே ஆக வேண்டும்.

சிங்கப்பூர் ஈரப்பதத்தில் ஆண்டு முழுவதும் திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்பது மிகையான எச்சரிக்கை அன்று. புதிய ஆயில் இளமஞ்சளாக இருக்கும். கண்ணாடியில் கோப்பி ஓ (பாலில்லாத காப்பி) நிறம் தெரிந்தால் தேதியெல்லாம் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். கிண்ணத்தின் மூடியில் எந்த வகை என்று பொறித்திருப்பார்கள். டாட் 4 என்று இருந்தால் டாட் 5 ஊற்றக் கூடாது. அது சிலிக்கோன் வகை, இரண்டும் சேராது.

லீவர் கெட்டியாகத்தான் இருக்கிறது, வண்டி நிற்கமாட்டேன் என்கிறது

நேற்று என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். சங்கிலிக்கு ஸ்ப்ரே அடித்தீர்களா? வண்டியைக் கழுவிப் பளபளப்பு திரவம் பூசினீர்களா? அந்தத் துளிகள் டிஸ்க்கில் விழுந்தால் பிரேக் பிடிக்காது. டிஸ்க்கை பிரேக் கிளீனர் கொண்டு சுத்தமான துணியால் துடையுங்கள். பேட் எண்ணெயைக் குடித்துவிட்டிருந்தால் தேய்த்தும் பயனில்லை, பெட்ரோலில் ஊறவைத்தும் பயனில்லை, மாற்றுவதுதான் வழி. அடுத்த முறை சங்கிலிக்கு எண்ணெய் அடிக்கும்போது, பின் டிஸ்க்குக்கும் டயருக்கும் நடுவே ஓர் அட்டையைச் செருகிவிட்டு அடியுங்கள்.

மழையில் முதல் பிடிப்பு மட்டும் தாமதமாகிறது என்றால் அது கோளாறு அன்று. டிஸ்க்கின் மேல் தண்ணீர்ப் படலம் இருக்கிறது. அடைமழையில் போகும்போது அவ்வப்போது லீவரை லேசாகத் தொட்டு டிஸ்க்கைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் இல்லை என்றால் பேடின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுமினுத்திருக்கலாம், அல்லது பேடைத் தள்ளும் கேலிப்பர் பிஸ்டன் அழுக்கேறி அசையாமல் இருக்கலாம். கேலிப்பரைக் கழற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பின் சக்கரம் இறுகி வழுக்குகிறது, வால் ஆடுகிறது

என்னிடம் வரும் புகார்களில் இதுதான் அதிகம். இதில் வண்டியின் கோளாறு குறைவு. நடப்பது இதுதான். தீவு விரைவுச்சாலையில் முன்னால் போகும் கார் சட்டென்று நிற்கிறது. பயத்தில் கால் முழுப் பலத்தோடு மிதிக்கிறது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடுவதால் பின் சக்கரம் இலேசாகி, சுழல்வதை நிறுத்திவிட்டுச் சறுக்க ஆரம்பிக்கிறது. சக்கரம் இறுகிவிட்டது, ஆனால் வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கையோ கை தொடவே இல்லை.

அந்த நொடியில் செய்ய வேண்டியது எதுவென்பது வால் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

*வண்டி இன்னும் நேராகப் போகிறது:* மிதியிலிருந்து அழுத்தத்தை மெல்லக் குறையுங்கள். சக்கரம் மீண்டும் சுழலும். முன் பிரேக்கை விட்டுவிடாமல் வேகத்தைக் குறையுங்கள்.

*வால் ஒரு பக்கமாக விலகிவிட்டது:* மிதியைச் சட்டென்று விடவே கூடாது. விட்டால் டயர் திடீரெனப் பிடித்து வண்டி நிமிரும் வேகத்தில் ஓட்டுநரை மறுபக்கம் தூக்கி எறியும். பார்வையைப் போக வேண்டிய திசையில் வைத்து, வண்டி நிற்கும்வரை அப்படியே மிதித்திருங்கள்.

பிறகு காரணத்தைத் தேடுங்கள். பின் மிதி உயரமாக இருக்கிறதா? பாதம் சாதாரணமாக இருக்கும்போதே மிதியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தால் சிறிது அசைந்தாலும் பிரேக் பிடித்துவிடும். மிதியின் உயரத்தை ஒரு திருகில் மாற்றலாம். டிரம் பிரேக் (டிஸ்க்குக்குப் பதிலாகச் சக்கரத்தின் நடுவே உள்ள உருளைக்குள் பிடிக்கும் வகை) என்றால் மிதி பிடிக்கத் தொடங்குவதற்கு முன் 2 முதல் 3 செ.மீ. வரை வெறுமனே இறங்க வேண்டும்; பின் சக்கரத்தருகே கம்பியின் நுனியில் உள்ள நட்டைத் திருகி அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

விநியோகப் பெட்டி வைத்து ஓட்டுபவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி நிறைந்திருக்கும்போதோ பின்னால் ஆள் இருக்கும்போதோ பின் டயரில் பாரம் அதிகம். மிதியை அழுத்தமாக மிதித்தாலும் தாங்கும். கால் அந்த அழுத்தத்துக்குப் பழகிவிடுகிறது. எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு வெறும் பெட்டியோடு திரும்பும்போது அதே மிதி மிதித்தால் சக்கரம் இறுகும். மாலையில் ஒன்றும் இல்லாமல் வீடு திரும்பும் நேரத்தில்தான் இந்த வழுக்கல் வருகிறது என்றால் காரணம் இதுவே.

முன் சக்கரம் சறுக்கியது, அதனால் முன் பிரேக்கைத் தொடவே பயம்

முன் சக்கரம் இறுகினால் உடனே லீவரை விட்டுவிட்டு மறுபடியும் மென்மையாகப் பிடியுங்கள். இதில் யோசிக்க நேரமில்லை.

ஆனால் இந்தப் பயத்தால் முன் பிரேக்கையே ஒதுக்கி வைப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. காய்ந்த சாலையில் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. பின் பேட் தகடாகத் தேய்ந்திருக்கும், முன் பேட் வாங்கியபடியே புதிதாக இருக்கும். அப்படி ஒரு வண்டியைப் பார்த்தால் அதை ஓட்டுபவர் எப்படிப் பிரேக் பிடிக்கிறார் என்பது தெரிந்துவிடுகிறது. அதோடு முடிவதில்லை. பயன்படாத முன் கேலிப்பர் நகர உதவும் ஊசிகளும் பிஸ்டனும் இந்த ஊர் ஈரத்தில் துருப்பிடித்து இறுகிப்போகும். என்றாவது ஒருநாள் அவசரத்தில் பிடிக்கும்போது அது கைகொடுக்காது.

சறுக்கியதற்குக் காரணம் முன் பிரேக் அன்று, அதைப் பிடித்த விதம். லீவரை வெடுக்கென்று இழுத்தால் பாரம் முன்னால் வந்து சேருமுன்பே சக்கரம் இறுகிவிடும். இரண்டு விரலோ நான்கு விரலோ, முதலில் லீவரை மெல்லத் தொடுங்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் கீழே அமர்வதைக் கையிலும் தோளிலும் உணர்வீர்கள். அது அமர்ந்த பிறகு அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். இப்போது டயர் சாலையில் நன்றாக அழுந்தியிருப்பதால் முன்பைவிட அதிகப் பிரேக்கைத் தாங்கும். பின் மிதி அதே நேரத்தில், லேசாக. கைகள் இறுகாமல், முழங்கால்கள் டேங்கைப் பற்றியபடி, பார்வை தூரத்தில். நிற்கப்போகும் கடைசி நொடியில் அழுத்தத்தைச் சற்றே தளர்த்துங்கள்.

அவ்வளவும் பழகினால்தான் வரும். புக்கிட் பாத்தோக், ஊபி, உட்லண்ட்ஸ் பயிற்சி நிலையங்களில் அவசர பிரேக் பயிற்சியை ஒருமுறை செய்து தேறிவிட்டு, அதோடு மறந்துவிடுகிறோம். வண்டிகள் இல்லாத நேரம், நேரான காய்ந்த சாலை, குறைந்த வேகம் என்று பார்த்துத் தொடங்கி, கண்ணாடியில் பின்னால் யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்பப் பழகுங்கள்.

சறுக்கிய இடத்தையும் நினைவுபடுத்திப் பாருங்கள். வெள்ளைக் கோடு, மஞ்சள் கட்டம், சாலைப் பணிக்காகப் போட்ட இரும்புத் தகடு, சாக்கடை மூடி, மேம்பாலத்தின் இணைப்புப் பட்டை, தூங்குமூஞ்சி மரத்தடியில் நனைந்து கிடக்கும் சருகு, கடற்பாலத்தை நெருங்கும் தடத்தில் சிந்திய டீசல். இவற்றைக் கடக்கும் முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, அவற்றின் மேல் பிரேக்கை விட்டுக் கடக்க வேண்டும். பல நாள் வெயிலுக்குப் பிறகு பெய்யும் மழையின் முதல் சில நிமிடங்கள் மிக மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெய் அப்போதுதான் மேலே மிதந்து வரும். வளைவில் சாய்ந்திருக்கும்போது நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் முதலில் வண்டியை நிமிர்த்துங்கள், பிறகு பிடியுங்கள்.

இடைவெளியும் பிரேக்கின் ஒரு பகுதிதான். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு நொடியில் 25 மீட்டர் போகிறது. கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, விரல் லீவரைத் தொடும் அந்த நொடிக்குள் ஐந்து காரின் நீளம் கடந்துபோயிற்று. எவ்வளவு நல்ல கேலிப்பரும் அந்த 25 மீட்டரைத் திருப்பித் தராது.

சத்தம் வருகிறது

காலையில் மட்டும் கரகரத்து, இரண்டு மூன்று பிடிப்பில் நின்றுவிட்டால் இரவு மழையில் டிஸ்க்கில் படிந்த துரு. விட்டுவிடலாம். நாள் முழுவதும் கீச்சென்றால் பேடில் தூசு, மினுமினுப்பு, அல்லது பேடின் பின்புறத் தகடு தளர்ந்திருக்கிறது. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் என்றால் பேட் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு கிலோமீட்டரும் டிஸ்க்கைத் தின்கிறது. சில பத்து வெள்ளியில் முடிய வேண்டியது டிஸ்க்கையும் சேர்த்து வாங்கும் செலவாகிவிடும்.

முன் பிரேக் பிடிக்கும்போது “டொக்” என்று ஒருமுறை கேட்டால் முன் பிரேக்கைப் பிடித்தபடி வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். இன்னொருவர் ஹேண்டில் தண்டின் கழுத்தில் விரல் வைத்துப் பார்க்கட்டும். அங்கே ஆட்டம் தெரிந்தால் ஸ்டீரிங் பேரிங். பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும்.

டிரம் பிரேக்கைத் திறந்தால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊத வேண்டாம். நுரையீரலுக்கு நல்லதன்று. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். டிரம்மின் வெளியே உள்ள அம்புக்குறி, பிரேக்கை முழுவதும் மிதித்த நிலையில் தேய்மானக் குறியைத் தொட்டுவிட்டால் நட்டைத் திருகிச் சமாளிக்கும் கட்டம் கடந்துவிட்டது. டிரம்முக்குள் உரசும் ஷூவை மாற்றுங்கள்.

லீவர் விரலில் துடிக்கிறது

ஏபிஎஸ் (சக்கரம் இறுகாமல் காக்கும் அமைப்பு) உள்ள வண்டியில், வழுக்கும் இடத்தில் கடுமையாகப் பிடிக்கும்போது மட்டும் துடித்தால் அது தன் வேலையைச் செய்கிறது. பயந்து லீவரை விடாமல் பிடித்திருங்கள். காய்ந்த சாலையில் மிதமாகப் பிடிக்கும்போதும் சக்கரம் சுற்றச் சுற்றத் தாளம் தவறாமல் துடித்தால் டிஸ்க் வளைந்திருக்கலாம், அல்லது சமமில்லாமல் தேய்ந்திருக்கலாம். டிஸ்க்கின் ஓரத்தில் குறைந்தபட்சத் தடிமன் எத்தனை மி.மீ. என்று பொறித்திருக்கும். அதற்குக் கீழே போனதை யார் சொன்னாலும் ஓட்ட வேண்டாம். வளைவை அளப்பது பட்டறையின் வேலை.

வண்டியைத் தள்ளவே கனமாக இருக்கிறது, டிஸ்க் சுடுகிறது

பிரேக் விடவில்லை. நடு ஸ்டாண்டு போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசான உரசல் இயல்பு. ஒரு சுற்றுகூட ஓடாமல் நின்றுவிட்டால் கோளாறு. டிஸ்க்கைக் கையால் தொட்டுச் சோதிக்க வேண்டாம், கொப்புளம் போட்டுவிடும். ஒரு துளித் தண்ணீர் விட்டால் போதும். பிரேக்கே பிடிக்காமல் ஓட்டி வந்தும் அது சுரீரென்று ஆவியானால் இழுபடுகிறது என்று பொருள்.

லீவரும் மிதியும் தடையில்லாமல் முழுதாகத் திரும்புகின்றனவா என்பது முதல் சோதனை. ஒரு பக்கப் பேட் மட்டும் தேய்ந்திருந்தால் கேலிப்பரின் ஊசிகள் இறுகியிருக்கின்றன. சுத்தம் செய்து உரிய கிரீஸ் தடவினால் சரியாகும். பிஸ்டனே துருவேறியிருந்தால் செலவு கூடும். இதைத் தள்ளிப்போட்டால் ஆயில் சூடாகி, மேலே சொன்ன மெத்தென்ற லீவரில் கொண்டுபோய் விடும்.

ஏபிஎஸ் விளக்கு அணையவில்லை, அல்லது பிரேக் விளக்கு எரியவில்லை

வண்டியைக் கிளப்பும்போது ஏபிஎஸ் விளக்கு எரிவது வழக்கம். சற்றுத் தூரம் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிட்டால் பாட்டரி பலவீனமா, சக்கரத்தருகே உள்ள சென்சாரில் சேறு அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அப்போதும் சாதாரண பிரேக் வேலை செய்யும். சக்கரம் இறுகாமல் காக்கும் துணை மட்டும் இருக்காது. அதை மனத்தில் வைத்து மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம்.

பிரேக் விளக்குக்குக் கைக்கு ஒரு சுவிட்ச், காலுக்கு ஒரு சுவிட்ச். இரண்டையும் தனித்தனியே சோதியுங்கள். ஒன்றில் எரிந்து மற்றொன்றில் எரியாவிட்டால் பல்பு நன்றாக இருக்கிறது, சுவிட்சில்தான் கோளாறு. மிதியின் சுவிட்சைச் சில வண்டிகளில் நட்டைத் திருகியே சரிசெய்துவிடலாம்.

பட்டறையிலிருந்து எடுக்கும்போது

மூன்று ஆண்டு கடந்த மோட்டார் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை உண்டு. அதில் தேறியதை அடுத்த ஆண்டு வரைக்குமான உறுதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாள் முழுவதும் ஓட்டுபவருக்கு நடுவில் ஒரு பேட் முழுதாகத் தேய்ந்துவிடக் கூடும்.

பேட் மாற்றி வண்டியைக் கையில் கொடுத்ததும் எஞ்சினைக் கிளப்பும் முன் லீவரையும் மிதியையும் இறுகும்வரை திரும்பத் திரும்பப் பிடியுங்கள். பிஸ்டன் பின்னால் தள்ளப்பட்டிருப்பதால் முதல் பிடிப்பு வெறுமையாகத்தான் போகும். சாலையில் இறங்கிய பிறகு அதைக் கண்டுபிடிக்கக் கூடாது. புதுப் பேட் உடனே முழுமையாகவும் பிடிக்காது. போக்குவரத்து குறைந்த சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதும், சற்று ஓடவிட்டு ஆறவைப்பதும் எனப் பலமுறை செய்யுங்கள். பிடிப்பு சீராக வந்துவிட்டது என்று கை சொல்லும்வரை விரைவுச்சாலையில் ஏற வேண்டாம்.